பதினோராவது மீட்டர்

குடிநீர் அலுவலகத்துக் கணினி முதன்முதலாக வாயைத் திறந்து சொன்ன செய்தி, நாளை மருத்துவமனைப் பக்கம் மைனஸ் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது. அதாவது நோயாளிகள் தண்ணீரைக் குடிக்காமல் திருப்பித் தருவார்கள். பழைய எண்களை மட்டுமே பார்த்துக் கற்றுக்கொண்ட இயந்திரம் அது. தண்ணீரைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

சொல்லிக்கொடுக்கத்தான் அந்த இளைஞனை வேலைக்கு எடுத்தார்கள். அலுவலகத்தில் அவனுக்கு ‘ஃபார்முலா’ என்று பெயர். குழாய்க்குள் போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும், நடுவழியில் மாயமாகக் கூடாது என்ற இயற்பியல் விதியைப் பயிற்சியில் சேர்த்தான். விதியை மீறும்போதெல்லாம் இயந்திரத்தின் தலையில் ஒரு குட்டு. குட்டு எவ்வளவு பலம் என்பதற்கு ஓர் எண். பத்தே நாளில் இயந்திரம் வழிக்கு வந்தது. கணக்கு ஒத்துப்போன குழாய்கள் எல்லாம் வரைபடத்தில் பச்சையாயின. ஒரே ஓர் இடம் மட்டும் செக்கச்செவேலென்று நின்றது.

பதினோராவது மீட்டர். மற்ற பத்தும் எண்ணைத் தாமாகவே அனுப்பிவிடும். இது பழையது, தெருமுனைக் குழிக்குள் இருபத்திரண்டு இரும்புப் படி இறங்கி ஓர் ஆள் பார்த்து எழுதிவர வேண்டும். அந்த ஆள், அப்பா போன பிறகு ஃபார்முலாவை வளர்த்துப் படிக்கவைத்த சித்தப்பா. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம்.

போன கோடையில் பெரிய குழாய் உடைந்து, அந்த மீட்டர் இருக்கும் பகுதிக்கு இரண்டு நாள் தண்ணீரே விடவில்லை. சித்தப்பாவின் பதிவேட்டில் அந்த இரண்டு நாளும் தண்ணீர் வழக்கம்போல் ஓடியிருந்தது. இரண்டாம் நாள் வெயில் என்பதால் கொஞ்சம் கூடுதலாக.

இதைக் கண்டுபிடித்த அன்று மாலையே ஃபார்முலா வீட்டில் கேட்டான். “சித்தப்பா, குழி மீட்டரை இறங்கித்தான் பாக்குறீங்களா?”

சித்தப்பா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் காலை வச்சுக்கிட்டா? இறங்கிடலாம்டா. தூக்கி மேல விடத்தான் கிரேன் வேணும்.”

“அப்போ நம்பர்?”

“மூணு வருஷமா நானே யோசிச்சு எழுதுறேன். சும்மா அடிச்சு விடுறேன்னு நினைச்சுக்காத. வெயில்னா கூட்டுவேன், மழைன்னா குறைப்பேன். பள்ளிக்கூடம் லீவுன்னா காலைல குறைச்சு மத்தியானம் ஏத்துவேன். எவனாவது இதுவரைக்கும் ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கானா?”

விதி தெரியாத இயந்திரமும் அட்சரம் பிசகாமல் இதைத்தான் செய்தது. சித்தப்பா அதைவிட ஒரு படி மேல். ஒருநாளும் மைனஸ் போட்டதில்லை.

“குழாய் உடைஞ்சதே, அந்த ரெண்டு நாள்?”

“வலி தாங்காம படுத்துட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு முன்கூட்டியே எழுதி வச்சிருந்தேன்.”

வருங்காலத்தைக் கணிக்க அலுவலகம் ஓர் அறை நிறையக் கணினி வாங்கியிருந்தது. சித்தப்பாவுக்கு ஒரு பால்பாயின்ட் பேனா போதுமாக இருந்தது.

“வெளியில மூச்சு விடாதடா. தெரிஞ்சா எட்டு மாசம் எல்லாம் பாக்க மாட்டாங்க, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.” தைல மூடியைத் திருகியபடி குரலைத் தாழ்த்தினார். “ஆமா, என் நம்பர் உன் மெஷினுக்கு உபயோகமா இருக்கா?”

“ரொம்ப, சித்தப்பா.”

மறுநாள் ஃபார்முலா குட்டின் பலத்தைப் பாதியாக்கினான். சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. கால்வாசியாக்கினான், மஞ்சளானது. சுழியமாக்கினான், பதினோராவது மீட்டர் பசேலென்று ஆனது. மருத்துவமனை மறுபடியும் தண்ணீரைத் திருப்பித் தர ஆரம்பித்தது. அங்கே படுத்திருப்பவர்களை நினைத்து, குட்டின் எண்ணைப் பழையபடி வைத்தான். அந்த மீட்டரையே கணக்கிலிருந்து தூக்கிப் பார்த்தான். இயந்திரம் உற்சாகமாக, மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, அங்கே உண்மையில் எவ்வளவு ஓடியிருக்கும் என்று மூன்று வருடத்துக்கும் நாள்வாரியாக எழுதித் தந்தது. அவசரமாக அதை அழித்தான். மனிதர்களாக இருந்தால் காலில் விழலாம். விதிக்குக் கால் கிடையாது, மேலதிகாரியும் கிடையாது.

கடைசியில் தலைமைப் பொறியாளரிடம் போய் நின்றான். “மேடம், பதினொண்ணை விட்டுடலாமா? பழைய மீட்டர், தப்பா காட்டுது.”

“பழைய மீட்டர் மெதுவா ஓடும்ப்பா. தண்ணியே இல்லாதப்போ ஓடுமா?” அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேட்டுக்கலாம்.”

வெள்ளிக்கிழமை களப்பணியாளர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார். ஃபார்முலா அவரை எச்சரித்து வைத்திருக்கலாம்தான். கூட்டத்துக்கு முந்தைய மூன்று நாளும் இரவுச் சாப்பாட்டின்போது வாயைத் திறந்தான்; மூன்று நாளும் அதில் சோறுதான் போனது. திரையில் நூற்றுக்கணக்கான பச்சைக் கோடுகளுக்கு நடுவே ஒரு சிவப்பு.

“அந்தச் சிவப்பா இருக்கிற மீட்டரைப் பாக்குறது யாரு?” என்றார் தலைமைப் பொறியாளர்.

ஃபார்முலாவின் விரல்கள் விசைப்பலகைமேல் அலைந்தன. அதில் சித்தப்பாவைக் காப்பாற்றும் விசை எதுவும் இல்லை.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. சித்தப்பா முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். இத்தனை குழாய்க்கு நடுவே தன்னுடையதை மட்டும் தனி நிறத்தில் காட்டியிருக்கும் பிள்ளையைப் பெருமையோடு ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், “நம்ம பையன்தான் செஞ்சது” என்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான்தான் மேடம்.”