அறுநூறு ஓம்

என் புருஷன் இக்னேஷியஸ் போய் ரெண்டாவது மாசம் எனக்குப் பாட்டு கேக்கணும் போல இருந்துச்சு. இதைச் சொன்னா இன்னிக்கும் சில பேரு வாயில கையை வெச்சுக்குவாங்க. வெச்சுக்கட்டும். பசிக்குதுன்னா சோறு போடறாங்க இல்ல, எனக்கு அந்த மாதிரிதான் இருந்துச்சு.

எங்க ஊடு வேலப்பன்சாவடியில, ஹைவேலருந்து உள்ளாற ரெண்டாவது தெரு. அவரு போனப்புறம் நானும் மாமியார் ஆரோக்கியம்மாளும் மட்டும்தான். எங்க சனத்துல ஒரு பழக்கம். சாவு வுழுந்த ஊட்டுல ஒரு வருசத்துக்குப் பாட்டுச் சத்தம் வரக் கூடாது. ரேடியோ கூடாது, டிவி கூடாது, கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டக் கூடாது. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே மாமியார், ரேடியோவும் கேசட்டும் ஒண்ணா இருக்கற எங்க டூ-இன்-ஒன்னைப் பழைய வேட்டியில சுத்திப் பரண் மேல ஏத்திட்டாங்க.

நான் துக்கம் இல்லாதவ இல்ல. அந்த ஆளு மேல எனக்கு உசுரு. எலக்ட்ரீசியன் வேலை. சாயங்காலம் வந்ததும் கைகால் கழுவறதுக்கு முன்னாடி கேசட்டைத்தான் போடுவாரு. பாட்டு இல்லாம நாங்க ராத்திரி சோறு சாப்ட்டதே கெடையாது. ஆளும் போயி பாட்டும் போயி, மாமியார் கையில செபமாலை உருளற சத்தத்தை மட்டும் கேட்டுகினு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்னு பயந்துட்டேன். நெஜமாவே பயந்துட்டேன்.

மாமியாரைக் கூட வுட்டுடலாம். வயசானவங்க, புள்ளைய வாரிக் குடுத்தவங்க. என் மச்சாண்டார் பாஸ்கல் கீறாரே, அவரைத்தான் தாங்க முடியல. பூந்தமல்லியில தனியா ஊடு. அவரு பொஞ்சாதி செலின் அதுக்கு முந்தின வருசம் மஞ்சக்காமாலையில போச்சு. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு நாங்க அவரு ஊட்டுல காபி குடிச்சிகினு கீறோம், டிவியில சாயங்காலப் படம் ஓடுது. பசங்க ஏங்கிப் போய்டுச்சுங்கன்னாரு. ஒருத்தரும் மூச்சு வுடல. அந்த மனுசன்தான் இப்ப என்னாண்ட வந்து, "ரோஸி, ஒரு வருசம் பல்லைக் கடிச்சிகினு இரும்மா, குடும்ப மானம்"னாரு. எனக்குப் பத்திகினு வந்துச்சு. உங்க காதுல வுழக் கூடாது, அவ்ளோதானே? வுழாது. என் காதுல வுழுந்தா உங்களுக்கு இன்னா வந்துச்சு?

அப்பதான் ஆணியில தொங்கிகினு இருந்த ஹெட்போன் நெனப்பு வந்துச்சு. கோடம்பாக்கத்துல ஒரு ரெக்கார்டிங் தியேட்டருக்கு வயரிங் பண்ணப் போன எடத்துல, பழசு எடுத்துக்கோன்னு அவருக்குக் குடுத்தது. கறுப்பா, கனமா, ரெண்டு காதையும் மொத்தமா மூடிக்கும். வெளிய ஒரு துளி கசியாது. கடையில விக்கிற குட்டி இயர்போனு அப்படியில்ல, பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சிக்குச் சிக்குன்னு கேக்கும். எங்க மாமியாருக்குப் பாம்புக் காது. ஆனா இந்தப் பெருசுல ஒரு கோளாறு. டூ-இன்-ஒன்ல சொருகினா பாட்டு எங்கியோ கெணத்துக்குள்ளாற பாடற மாதிரி இருக்கும். இதுக்குத் தனியா ஆம்ப்ளிஃபயர் வேணும்டி, அப்பால பாத்துக்கலாம்னு சொல்லிகினே இருந்தாரு. கடைசி வரைக்கும் பாக்கல.

சரி, நான் பாக்கறேன்னு கெளம்பினேன். திருமழிசையில பாட்டில் மூடி செய்யற கம்பெனியில எனக்கு வேலை. ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழியில பூந்தமல்லியில எறங்கி, உலகநாதன்னு ஒருத்தரு வெச்சிருந்த சவுண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயர் வேணும்னேன்.

"எத்தினி வாட்ஸும்மா? கோயிலுக்கா, கல்யாணத்துக்கா, கட்சிக்கா?"

"என் காதுக்கு"ன்னேன்.

அவருக்குப் புரியல. அவரைப் பொறுத்தவரைக்கும் ஆம்ப்ளிஃபயர்னா வாட்ஸ், வாட்ஸ்னா ஜாஸ்தியா இருக்கணும். பொட்டி மாதிரி ஒண்ணைத் தூக்கி வெச்சு, "அறுவது வாட்ஸ். மாங்காடு வரைக்கும் கேக்கும்"னு ஹெட்போனை மாட்டி வுட்டாரு. பாட்டு வர்றதுக்கு முன்னாடியே உம்ம்முன்னு ஒரு இரைச்சல், கரண்டு கம்பத்தைக் கட்டிப் புடிச்ச மாதிரி. பாட்டு வந்தப்புறமும் அது போகல. கழட்டிக் குடுத்தேன். வெலையைக் கேட்டேன். பாதிக் கழுத்துச் சங்கிலி போய்டும் போல இருந்துச்சு.

"பொம்பளைங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக்க"ன்னாரு.

"உங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு வாங்கிக் குடுங்க"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

அப்பால ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்னாடி வரதன்னு ஒருத்தரு சொந்தமாவே செட்டு செஞ்சு விக்கிறாருன்னு கேள்விப்பட்டுப் போனேன். நெத்தி நெறைய விபூதிப் பட்டை, வாயில வெத்தலை. அவரு வாட்ஸ் கேக்கல. ஹெட்போனைத் தாங்கன்னு வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஹெட்போனோட தலைப்பட்டைக்கு உள்பக்கம் லாடம் மாதிரி ஒரு குறி, அதுக்கு முன்னாடி அறுநூறுன்னு நம்பர்.

"இது அறுநூறு ஓம், தங்கச்சி. ஓம்னா கரண்டுக்குத் தடை. சின்னப் பைப்பு மாதிரி வெச்சுக்க. தண்ணி கொஞ்சமாத்தான் ஓடும், ஆனா டாங்க் ஒசரத்துல இருக்கணும். உன் டூ-இன்-ஒன் டாங்க் தரையில கீது, அதான் ஏறல. இதுக்கு வாட்ஸ் வேணாம், வோல்ட் வேணும். சின்னதாவே செய்யலாம். ஒரு வாரம் டைம் குடு."

என் கைக்கு எட்டற வெலைதான் சொன்னாரு. அட்ரஸ் குடுத்துட்டு வந்தேன். அதுதான் வெனையாப் போச்சு.

அந்த மனுசன் வேலை முடிஞ்ச சந்தோசத்துல, இந்தப் பக்கம் வந்தவரு சைக்கிளை மிதிச்சுகினு நேரா எங்க ஊட்டுக்கே வந்துட்டாரு. நான் கம்பெனியில. வாசல்ல மாமியார். பட்டை போட்டுகினு வந்து நின்னவரு, "ரோஸிகிட்ட சொல்லிடுங்கம்மா, அறுநூறு ஓம் ரெடி. வெள்ளிக்கெழமை வந்தா ஒக்காந்து கேட்டுட்டுப் போலாம்"னு சொல்லிட்டுப் போயிருக்காரு. மாமியார் அதை எப்படி எடுத்துகினாங்கன்னு எனக்கு அப்பத் தெரியாது. சாயங்காலம் நான் வந்தப்ப, "உன்னைத் தேடி ஒரு ஆளு வந்தான், வெள்ளிக்கெழமை வரச் சொன்னான்"னு மட்டும் சொல்லிட்டு மொகத்தைத் திருப்பிகினாங்க. அன்னிக்கு ரெண்டு தடவை செபமாலை சொன்னாங்க.

வெள்ளிக்கெழமை போனேன். வரதன் ரெண்டு செஞ்சு வெச்சிருந்தாரு. ஒண்ணு பாக்கறதுக்கு ஜோரா, செகப்பு லைட்டு, பாஸுக்கு ஒரு திருகு, டிரெபிளுக்கு ஒரு திருகு. இன்னொண்ணு மொட்டையா, ஒரே ஒரு வால்யூம் திருகு. பொட்டி கூட இல்ல, பலகையில போர்டு மட்டும் திருகி இருந்துச்சு. லைட்டு வெச்சதை எடுத்துக்க தங்கச்சின்னு அவரு ஆசையா சொன்னாரு. பாட்டு எதுவும் போடாம, ஹெட்போனை மாட்டி ரெண்டுலயும் வால்யூமைத் திருப்பிப் பாக்கறேன்னேன். லைட்டு வெச்சது ஸ்ஸ்ஸுன்னு எண்ணெயில கடுகு போட்ட மாதிரி கத்துச்சு. மொட்டையில ஒண்ணுமே இல்ல. அவரு நாதஸ்வர கேசட்டு ஒண்ணைப் போட்டு வுட்டாரு. அடி வவுத்துலருந்து ஊதறது எனக்கு உள்ளாறயே கேட்டுச்சு. வெளிய பஸ் ரிவர்ஸ் எடுக்கறது தெரியல.

"இதான் வேணும்"னேன்.

"அசிங்கமா கீதேம்மா."

"காதுக்குத்தானே, கண்ணுக்கா?"

சிரிச்சுட்டாரு. வெலையிலயும் கொஞ்சம் கொறைச்சுகினாரு. ஊட்டுல ஒரு கேக்கு டின்னுல போர்டை உள்ளாற வெச்சு, திருகுக்கு ஆணியால ஓட்டை போட்டேன்.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் மாமியார் பெரிய மவனைப் பாக்கறேன்னு பூந்தமல்லி போனாங்க. நான் பரண் மேல ஏறி டூ-இன்-ஒன்னை எறக்கி, வேட்டியைப் பிரிச்சு, தொடைச்சு, டின்னை மாட்டி, ஹெட்போனைச் சொருகினேன். கேசட்டைப் போட்டு மூடினேன். பட்டனை அமுக்கப் போறேன், கதவு தொறந்துச்சு.

மாமியார், பின்னாடி பாஸ்கல், அவருக்கும் பின்னாடி எங்க கோயில்ல வேதம் சொல்லிக் குடுக்கற உபதேசியார், கையில தீர்த்த பாட்டிலோட.

"ஏ ரோஸி, இன்னா காரியம் பண்ணிகினு கீறே?" பாஸ்கல் ஆரம்பிச்சாரு. "எவன் அந்தச் சாமியாரு? அறுநூறு தடவை ஓம் சொல்லிக் குடுக்கறானாமே, வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை?"

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. அப்பால புரிஞ்சுது. சிரிப்பு அடக்க முடியாம வந்துச்சு. நான் சிரிக்கறதைப் பாத்து மாமியார் சிலுவை போட்டுகினாங்க, பேய் புடிச்சிடுச்சுன்னே நெனச்சிட்டாங்க பாவம். ஹெட்போனைத் திருப்பி லாடத்தைக் காட்டினேன். உபதேசியார் கண்ணாடியைத் தூக்கிப் பாத்தாரு. அவரு பையன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவருக்குத் தெரியும்.

"அட, இது கரண்டு கணக்கும்மா, மந்திரம் இல்ல"ன்னு அவரும் சிரிச்சுட்டாரு. மாமியாருக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. உபதேசியார் நல்ல மனுசன். என் தலையில கையை வெச்சு, "ஞானப் பாட்டு கேசட்டுதானே ரோஸி? கேளும்மா, தப்பே இல்ல. மனசுக்கு ஆறுதலா இருக்கும்"னாரு. மாமியாரும் தலையை ஆட்டினாங்க. பாஸ்கலும் போனாப் போவுதுன்னு நின்னாரு.

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாரும் காபி குடிச்சிட்டுப் போயிருப்பாங்க. ஒரு வருசம் முழுக்க நான் நிம்மதியா கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அப்படிச் சொன்னா, அவரோட நான் இருந்த இருப்பே ஏதோ தப்பு மாதிரி ஆயிடும்னு தோணிச்சு. எதுக்கு நான் ஒளியணும்?

"இல்லீங்க ஐயா. சினிமாப் பாட்டு. அவரும் நானும் கதவைச் சாத்திகினு ஆடற பாட்டு."

பாஸ்கலுக்கு மொகம் செவந்துடுச்சு. "தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆவல, வெக்கமா இல்ல?"

"செலின் அக்கா முப்பதாம் நாளுக்கு உங்க ஊட்டு டிவியில படம் பாத்துகினே காபி குடிச்சோமே, அன்னிக்கு எங்க போச்சு வெக்கம்? ஆம்பளைக்கு முப்பது நாளு, பொம்பளைக்கு ஒரு வருசமா? எந்த வேதத்துல எழுதிக் கீது, உபதேசியார் ஐயாவையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

உபதேசியார் தரையைப் பாத்தாரு. பாஸ்கல் கையை நீட்டிகினு கத்த ஆரம்பிச்சாரு. மாமியார் அழுதுகினே என்னமோ சொன்னாங்க. நான் ஹெட்போனை எடுத்து ரெண்டு காதையும் நல்லா மூடிகினு, அவங்க மூணு பேரையும் பாத்துகினே பட்டனை அமுக்கினேன். மொதல்ல தவில், அப்பால வயலின், அப்பால பாட்டு, முழுசா, அவரு பக்கத்துல உக்காந்திருந்தப்ப கேட்டதை வுட ஜாஸ்தியா. என் கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, காலு தன்னால தாளம் போடுது. எதிர்ல பாஸ்கல் வாயி தெறந்து தெறந்து மூடுது. என்ன சொன்னாருன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.