பொங்க விடாத அடுப்பு

சுகுமாறன் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு வாங்கியதில் உறவினர் எல்லாருக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்குள் அவன் வாங்கிப் போட்டிருந்ததைப் பார்த்ததும் அது பாதியாகக் குறைந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விளக்கு எரியும். அதட்டினால் திரைச்சீலை விலகும். எழுந்து போய் சுவிட்சைத் தட்டுகிறவர்களை அவன் நோயாளிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மனைவி உஷாராணியின் குரலுக்கு மட்டும் அந்த வீடு அசையவில்லை. அவள் குரலைப் பதிவு செய்ய அந்தப் பெரிய மனுஷனுக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் போய்விட்டது. சொந்த வீட்டில் பால் பொங்கி வழிவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கிரகப்பிரவேசத்தன்று குருக்கள் நேரம் சொன்னதும் பளபளத்த மின் அடுப்பில் பானையை வைத்தாள். பால் நுரைத்து ஏறியது. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். நுரை விளிம்பை எட்டியதுதான் தாமதம், அடுப்பு 'கீங்' என்று கத்திவிட்டுத் தானாக அணைந்தது. பால் அடங்கிப் போயிற்று.

"அடுப்பு ரோசாக்கா மாப்ள? புதுசு மாதிரி இருக்கு, அதுக்குள்ளயா கெட்டுப்போச்சு?" என்றார் அவள் அண்ணன் வேலாயுதம். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர்.

"ரோசாக் இல்லலா. எது கொதிச்சாலும் வழிய விடாது. அதுக்காகவே இந்த மாடல் வாங்கினேன்."

பால் பொங்க வேண்டிய நாளில் இப்படியொரு அடுப்பை வைத்துவிட்டு அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு படிப்பு வேண்டும்!

மறுபடி வைத்தாள். மறுபடி அணைந்தது. குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்த சென்சாரை மட்டும் ஆஃப் பண்ணுங்களேன்," என்றாள் உஷாராணி.

"பண்ணலாம். பால் உள்ள போச்சுன்னா வாரண்டி போயிடும். பொங்கிருச்சுன்னு நெனச்சுக்கயேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். அங்கே ரிட்டையரான நர்ஸ் பிலோமினா தனியாக இருந்தார்.

"ஆன்டி, உங்க கேஸ் அடுப்புல இதப் பொங்க வைக்கணும். அடுப்பு நாறிப் போயிடும். நான் தொடச்சுத் தரேன்."

"தொடைக்கிறது கெடக்கட்டும்மா, நீ வை."

பால் சீறி எழுந்து அடுப்பெல்லாம் வழிந்தது. பின்னாலேயே வந்து சமையலறையை அடைத்துக்கொண்டு நின்ற சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். உஷாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். அடுத்தவர் வீட்டில் வந்து சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்ற அவமானமும்தான்.

அப்போதுதான் சுகுமாறன் போனை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். "உஷா, இங்க பாரு. அடுப்பே மெசேஜ் அனுப்பியிருக்கு. ரெண்டு தடவ பால் வீணாகாம காப்பாத்திருச்சாம்."

அவள் பாலில் சர்க்கரை போட்டு டம்ளர்களில் ஊற்றினாள். முதல் டம்ளர் வீட்டுக்காரருக்கு என்பது வழக்கம். சுகுமாறன் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய் அதை பிலோமினாவிடம் கொடுத்தாள்.

"பொங்குனது உங்க வீட்டுல, ஆன்டி. நீங்கதான் மொதல்ல குடிக்கணும்."

பிலோமினா தயங்கி அவனைப் பார்த்தார். பிறகு குடித்தார்.