தட்டில் தங்காத சோறு

பெயிண்டரின் தட்டில் போட்ட சோறு அவன் வாய்க்குப் போகுமுன் பானைக்கே திரும்பிவிடுவது ஒரு திங்கட்கிழமை மதியம் ஆரம்பித்தது. அன்று காலையில்தான் அவன் மனைவி உணவு உதவி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். பதினோரு நாள் வேலை கிடைத்ததை மறைத்தான் என்று அவனை உதவிப் பட்டியலிலிருந்து மூன்று வருடத்துக்கு நீக்கியிருந்தார்கள். வீட்டுக்கே அரிசி நின்றுபோகும் நிலை. குமாஸ்தா மனமிரங்கி ஒரு வழி சொன்னார்: இந்த அரிசியில் ஒரு பருக்கைகூட அவன் சாப்பிடமாட்டான் என்று எழுதிக் கொடுத்தால் அவளுக்கும் மாமியாருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தொடர்ந்து கிடைக்கும். காகிதத்தில்தானே என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, முதல் கரண்டியை அவனுக்கே போட்டாள்.

சோறு தட்டிலிருந்து எழுந்து, யார்மேலும் படாமல் மேசையோரமாகப் போய், மூடியைத் தள்ளிக்கொண்டு பானைக்குள் இறங்கியது. ஊட்டிப் பார்த்தாள். பிள்ளையின் தட்டில் ஒளித்துக் கொடுத்தாள். பெற்றவள் கொடுப்பதை எவன் கேட்பது என்று மாமியார் தன் பங்கை நீட்டினாள், அதுவும் தங்கவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி கண்ணால் பார்த்து, எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார்.

"விடும்மா, பிள்ளைங்களுக்கு இருக்குல்ல" என்றான் பெயிண்டர். வேலையுள்ள நாளில் வெளியே டீயும் பன்னும். இல்லாத நாளில் வயிறு சரியில்லை என்பான். ஆனாலும் சாப்பாட்டு வேளையில் வெறும் தட்டோடு அவர்கள் நடுவில் உட்காருவான். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவன் மனைவி அவன் சட்டைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். கையெழுத்துப் போட்ட கையை அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. போடாமல் இருந்திருந்தால் பிள்ளைகள் பட்டினி. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடம் முடிந்த அன்று சோறு ஆவி பறக்கத் தட்டிலேயே கிடந்தது. கைக்குழந்தையாக இருந்து இப்போது நாலு வயதாகிவிட்ட சின்னவள் அதிசயமாகப் பார்த்தாள்.

"அப்பா, உனக்குச் சாப்பிடத் தெரியுமா?"

அவன் ஒரு கவளம் எடுத்தான். கை வாய்ப்பக்கம் வரவில்லை. தானாக நீண்டு, மூடியைத் தள்ளி, பானைக்குள் போட்டுவிட்டு வந்தது. அடுத்த கவளமும் அங்கேயே போனது. மூன்று வருடமாக அழாத அவன் மனைவி அன்று கரண்டியைப் பிடித்தபடியே அழுதாள்.

அதிலிருந்து பானையை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் அவனுக்குப் பரிமாறுகிறார்கள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து வாய்ப்பக்கம் திருப்பிவிடுகிறாள். இரண்டு கவளத்துக்குப் பிறகு கைக்கு வழி தெரிந்துவிடும்.