கரமனைக்கு வந்த மகாராணி

1998ஆம் ஆண்டு நவராத்திரியின் முதல் நாள் காலை, ஜப்பான் பொம்மைக் கண்காட்சியில் இருந்த மகாராணி கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிக் கரமனையில் இறங்கினாள். முழங்கால் உயரம்கூட இல்லாத மரப்பொம்மை. அடுக்கடுக்காகப் பட்டு உடுத்தியிருந்ததால் கண்டக்டர் முன் சீட்டை ஒழித்துக் கொடுத்தார். அன்று தூறல் இருந்தது. நேந்திரங்காய் விலை முந்தின வாரத்தைவிட ஏறியிருந்தது. அவள் யாரிடமும் வழி கேட்காமல் அக்கிரகாரத்தில் திவ்யலட்சுமியின் வீட்டுக்குள் போய், காலியாக இருந்த கொலுப்படியின் உச்சியில் ஏறி உட்கார்ந்தாள்.

திவ்யலட்சுமிக்கு அப்போது நாற்பது வயது ஆகவில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. கணவன் இறந்த வருஷமே, எதிர்வீட்டுக் கொழுந்தன் அனந்தபத்மநாபன் அவளுடைய கொலுப்பொம்மைகளைப் பெட்டியோடு தூக்கிப்போய்த் தன் பரணில் பூட்டிவிட்டான். கைம்பெண் வைக்கும் கொலுவுக்குச் சுமங்கலிகள் வரமாட்டார்கள் என்பது தெருவின் தீர்மானம். சில வருஷம் பொறுத்தவள், அந்த வருஷம் பொம்மையில்லாமல் படியை மட்டும் கட்டி, வெள்ளை வேட்டி விரித்தாள். பிறகு கண்காட்சிக்குப் போனாள். அங்கே கண்ணாடிக்குள் சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, தோழிகள், வாத்தியக்காரர்கள். பெண்குழந்தைகளுக்காக ஜப்பானியர் வைக்கும் கொலு என்று அட்டையில் எழுதியிருந்தது. அவள் கண்ணாடியில் நெற்றி படும்படி நின்று, "எங்காத்திலேயும் படி இருக்கு. உக்கார ஆள்தான் இல்லை, வாயேன்" என்று மகாராணியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

மத்தியானம் கண்காட்சி அதிகாரி சத்தியநேசன் போலீஸ் ஜீப்பில் வந்தார். கண்காட்சிக் கண்ணாடிப் பெட்டியின் பூட்டு உடையாததால் யார்மீதும் வழக்கு எழுத வழியில்லை. "அன்னிய நாட்டு சாதனமாக்கும் அம்மா. ஒரு நூல் பிரிஞ்சாலும் எனக்கு வேலை போவும்" என்றார்.

"கொண்டுபோங்கோ. நாளைக்கும் வருவா" என்றாள் திவ்யலட்சுமி.

மறுநாள் மகாராணி மூன்று தோழிகளோடு வந்தாள். அதற்கு மறுநாள் வாத்தியக்காரர்கள் வந்தார்கள். மகாராஜா இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆட்டோவில் வந்தார். இம்முறை கான்ஸ்டபிள்களால் ஒரு தோழியைக்கூட அசைக்க முடியவில்லை. கண்காட்சிக் கூடம் காலியாகிவிட்டதால், அங்கே பார்க்க வந்தவர்களைச் சத்தியநேசன் கரமனைக்கு அனுப்பினார். வரிசை ஆற்றுப்பாலம் வரை நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் திவ்யலட்சுமி சுண்டலும் வெற்றிலையும் கொடுத்தாள். தெருவின் சுமங்கலிகள் மட்டும் ஜன்னலோடு நின்றுகொண்டார்கள்.

ஆறாம் நாள் அனந்தபத்மநாபன் வந்து கூடத்தின் நடுவில் நின்றான். "மன்னி, ஊரே சிரிக்கறது. இதை இன்னிக்கே கலைச்சுடுங்கோ."

"சிரிக்கறவா வரிசையிலே நிக்கறா, பாரு. அவளை வான்னு நான்தான் கூப்பிட்டேன். வந்தவளை எழுந்திருன்னு சொல்லமாட்டேன். உனக்கு வேணும்னா நீ சொல்லிப் பாரு."

அவன் மகாராணியைப் பார்த்தான். மகாராணியும் அவனைப் பார்த்தாள். அவன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான். அப்போது அவன் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, எதிர்வீட்டிலிருந்து நடந்து வந்தாள். திவ்யலட்சுமி குங்குமச் சிமிழை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் அதை எடுக்கவில்லை. "நீங்களே இட்டுவிடுங்கோ, மன்னி" என்று நெற்றியை நீட்டினாள். திவ்யலட்சுமி சிமிழைத் தன் பக்கம் இழுத்துக் குங்குமத்தைத் தொட்டாள். இட்டாள், கோணாமல் இட்டாள். பரணில் பூட்டியிருந்த தசாவதாரம் அவன் மனைவி வந்த வழியே ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்து வந்தது. ஆமை வந்து சேரத்தான் சாயங்காலம் ஆயிற்று. ஜப்பான்காரர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். இருட்டுவதற்குள் ஜன்னல்களில் ஒருத்தியும் இல்லை. எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

விஜயதசமி முடிந்ததும் திவ்யலட்சுமி மகாராணியைத் தன் கையாலேயே படியில் படுக்கவைத்தாள். மறுநாள் எல்லோரும் பழையபடி லேசாகிவிட்டார்கள். அவளே மகாராணியை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு ஜீப்பில் போய்ச் சத்தியநேசனிடம் ஒப்படைத்தாள். அவர் கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அதே தெருவில் இன்னும் இரண்டு கைம்பெண்கள் யாரையும் கேட்காமல் படி கட்டினார்கள். விடிந்தபோது ஒரு வீட்டில் கொரியா முகமூடிகள் வரிசையாக இருந்தன. இன்னொரு வீட்டில் இரண்டு சீனக் களிமண் குதிரைகள் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. எங்கிருந்து வந்தன என்று தெருவில் ஒருவரும் விசாரிக்கவில்லை. குதிரைக்குக் கொள்ளுச் சுண்டல்தான் சரி, கடலை ஆகாது என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.