ஒரே வெட்டு

"முப்பது கதவு" என்றார் அப்பா, ஆக்சிஜன் முகமூடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு. "கரண்ட் இல்ல. வெளிய மழை, ஷட்டர் எறக்கியாச்சு. என் கை எனக்கே தெரியல. வலது கட்டைவிரல்ல வேற தேங்கா சைஸுக்குக் கட்டு. இடது கையால உப்புத்தாளை ஒரே வெட்டு. உருளையில சுத்தி மாட்டிட்டேன். கரண்ட் வந்து ஓட்டினா முப்பது கதவும் கண்ணாடி. மறுநாள் காலைல அதுல ஒரு கதவைப் பாத்துதாம்மா சவரம் பண்ணிக்கிட்டேன்."

"கதவுல முகம் தெரிஞ்சுதா?" என்றாள் நர்ஸ், முகமூடியை மறுபடி ஏற்றியபடி.

அப்பா அதை மறுபடி இறக்கினார். "முகமா? முதுகே தெரிஞ்சுது."

நர்ஸ் சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு வயிற்றில் போட்ட தையல் பிரிந்துவிடும் போலிருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "போற நேரத்துலயாவது அந்த வாய் மூடுதா பாரு" என்றாள், வார்டு முழுக்கக் கேட்கும்படி. பிறகு மகளின் பக்கம் திரும்பி மெதுவாக, "மானம் போவுதுடி" என்றாள்.

கால்மாட்டில் நின்றிருந்தார் மாமா. அம்மாவின் தம்பி, அப்பா வேலை செய்த மரப் பட்டறையின் ஃபோர்மேன். "போன வாரம் இருபத்தஞ்சு கதவுதானே மச்சான்" என்றார். "படுத்த படுக்கையிலயே அஞ்சு இழைச்சிட்டீங்களா?"

அப்பா கண்ணைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். மகள் இதைப் பதினெட்டு வருடங்களாகக் கவனித்து வருகிறாள். கதை யாருக்குச் சொல்லப்பட்டாலும், கேட்பவர் சிரித்தாலும் கொட்டாவி விட்டாலும், முடிகிற இடத்தில் அப்பாவின் கண் மாமாவின் முகத்தில் போய் நின்றுவிடும். மாமா எப்போதும்போல் சட்டைப் பையில் எதையோ தேடினார். அன்று அந்தப் பையில் ஒன்றும் இல்லை என்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

பதினொரு மணிக்கு அப்பா இறந்தார்.

*

மூன்று மணிக்குப் பட்டறைக்குப் போய் மாமாவை விரட்டிக்கொண்டு வரும்படி அம்மா அவளை அனுப்பினாள். சவப்பெட்டியை வெளியில் வாங்கக் கூடாது, பட்டறையிலேயே செய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். யாருடைய மாளிகைக்கோ என்று ஒதுக்கி வைத்திருந்த நல்ல பலகைகளையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பா உயிரோடிருந்தபோது அந்தப் பலகைகளின் மேல் டீ கிளாஸ் வைத்ததற்கு இதே முதலாளி ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறார்.

அவள் உள்ளே நுழைந்தபோது மாமா, முதலாளி, பாலிஷ்காரர் மூன்று பேரும் தேய்ப்பு மெஷினைச் சுற்றித் தலைகுனிந்து நின்றார்கள். சாவு வீட்டில்கூட யாரும் அவ்வளவு துக்கமாக நிற்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"தாள் கிழிஞ்சு போச்சும்மா" என்றார் பாலிஷ்காரர். பட்டறையில் கதவுகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். விரல் நகம் பத்தும் வார்னிஷ் நிறம். "அஞ்சு பலகை ஆயிடுச்சு. மூடிப் பலகை உள்ள போறப்ப கிழிஞ்சுது. நூறு துண்டு. எல்லாம் தூசிக் குழாய்க்குள்ள போயிடுச்சு. உங்க அப்பா சுத்தின தாளு. பத்து நாளா மாத்த ஆள் இல்லாம ஓட்டினோம்."

"கையால தேய்ச்சிடலாமே."

"ஒரே வெட்டுக்குக் கையால தேய்ச்ச பெட்டியா?" என்றார் முதலாளி. 'ஒரே வெட்டு' என்பதுதான் பட்டறையில் அப்பாவுக்குப் பெயர். சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர் இருந்தது. "ஊரே சிரிக்கும். உன் மாமா மாட்டுவார். ஃபோர்மேன்தானே."

மாமா ஏற்கெனவே முழங்காலில் இருந்தார்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு முழ நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. அது மேலே சுழல, கீழே பலகை நகர்ந்து போகும். உருளையின் மேல் உள்ளங்கை அகல உப்புத்தாள் நாடாவை, அடிபட்ட கைக்குக் கட்டுப் போடுவதுபோல், சரிவாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். இரு முனையிலும் கிளிப் உண்டு. சரிவாகச் சுற்றுவதால் நாடாவின் இரண்டு நுனிகளும் சாய்வாக வெட்டப்பட்டிருந்தால்தான் உருளையின் ஓரத்தோடு ஒட்டி நிற்கும். சாய்வு தப்பினால் ஒரு பக்கம் இடைவெளி விழும், இன்னொரு பக்கம் தாளின் மேல் தாள் ஏறும். ஏறின இடம் பலகையில் உரசிச் சூடாகிக் கிழியும். அவ்வளவுதான் சங்கதி. அந்த அவ்வளவுக்குத்தான் மாமா ஒரு மணி நேரமாக வியர்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்று அளந்த அளவுக்கு மூன்று மாடி வீடு கட்டியிருக்கலாம், மாடிப்படிக்கும் மிச்சமிருந்திருக்கும்.

முதல் நாடாவின் இரண்டு நுனிகளும் படகின் இரண்டு மூக்குகள்போல எதிரும் புதிருமாகச் சாய்ந்திருந்தன. சுற்றினால் ஒரு முனை பொருந்தியது, மறுமுனை வாயைப் பிளந்தது. இரண்டாவதில் சாய்வு சரி; ஆனால் சொரசொரப்பு மேலே இருக்கும்படி வைத்துக் கோடு போட்டிருந்தார். திருப்பிச் சுற்றியபோது எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிவிட்டது. ஓட்டிப் பார்த்தார்கள். அரை நிமிடத்தில் படபடவென்று அடித்துக் கிழிந்தது. பாலிஷ்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை வருஷமாச்சு மாமா நீங்க தாள் மாட்டி?" என்று கேட்டாள் மகள்.

"நான் எங்கம்மா மாட்டுறது. உங்க அப்பாதானே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே கேட்டதுபோல் நிறுத்தினார்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் இதே இடத்தில் முதலாளி ஒரு ஃபோர்மேனைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா, மாமா, இருவரில் ஒருவர். இருட்டில் தாள் மாட்டிய கதையை அப்பா அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னார். அந்த இருட்டில் அவர் கூட இருந்தது மாமா மட்டும். முதலாளி மாமாவைக் கேட்டார். "அப்படி ஒண்ணும் நடக்கலீங்க, மச்சான் சும்மா அடிச்சு விடுவாரு" என்றார் மாமா. கூடவே ஒரு கேள்வியும் போட்டார்: நாடாவுக்கு ரெண்டு நுனி, ஒரே வெட்டுல எப்படி முடியும்? முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரம் மாமா ஃபோர்மேன் ஆனார். பட்டறைக்கு மேலே ஃபோர்மேனுக்கென்று இருந்த இரண்டு அறை வீடு மாமாவுக்குப் போயிற்று. அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகள் பின்னால் பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக் கம்பெனியில் வெட்டும் மேசைக்குப் போனாள்.

அப்பா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அவர் கதையை வளர்த்தார். கல்யாண வீட்டில், பஸ்ஸில், பல் பிடுங்கின இடத்தில் வாயில் பஞ்சோடு, எங்கும் சொன்னார். மாமா இருந்தால் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சொன்னார். வருடத்துக்கு ஒன்றிரண்டு கதவுகள் ஏறின. ஒரு வருடம் இடி விழுந்தது. இன்னொரு வருடம் உருளையே நன்றி சொன்னது. ரெண்டு நுனி கேள்வியை மகளும் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். "உன் மாமனைக் கேளு" என்பார் அப்பா. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதிலில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அம்மாவும் அப்படித்தான். அம்மாவுக்குத் தம்பி பொய் சொல்ல மாட்டான். ஆகவே புருஷன் பொய்யன். அதில் கணக்கு நேராக முடிந்துவிட்டது.

கைபேசி அடித்தது. அம்மா.

"என்னடி பண்றீங்க? வந்தவங்க எல்லாம் கேக்குறாங்க."

"தாள் கிழிஞ்சிடுச்சும்மா. மாமா மாட்டிக்கிட்டு இருக்காரு."

"மாட்டத் தெரியாமயா அவனை ஃபோர்மேனா வச்சிருக்காங்க?" அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இங்க எல்லாரும் அந்தக் கதவுக் கதையையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்கடி. பொணத்தை வச்சுக்கிட்டு. ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேற எதையாவது விட்டுட்டுப் போனாரா அந்த மனுஷன்?"

அவள் பதில் சொல்லுமுன் அம்மா வைத்துவிட்டாள். பெட்டியை மூடுவதற்குள் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு நிஜம், சிரிப்பு வராத ஒன்று, அந்த வீட்டுக்குள் போயாக வேண்டும் என்று மகளுக்குத் தோன்றியது. அதை எடுத்துக்கொண்டு போகக் கூடியவர் ஒருவர்தான். அவர் இப்போது மூன்றாவது நாடாவுக்கு அளந்துகொண்டிருந்தார்.

"இதோட சுருள் முடிஞ்சுது" என்றார் பாலிஷ்காரர். "இதுவும் போச்சுன்னா நாக்காலதான் தேய்க்கணும்."

மகள் குனிந்து தரையில் கிடந்த ஒரு முக்கோணத் துண்டை எடுத்தாள். "இது என்ன மாமா?"

"கழிவு. சுருள் நுனி கோணலா இருந்துச்சு. நேரா நறுக்கிப் போட்டேன்."

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். கோணலான ஓரம் கத்தி ஒருமுறை மட்டும் போன ஓரம், எங்கும் தயங்கவில்லை. பத்து நாட்களுக்கு முன் அப்பா வெட்டியது. வெட்டும் மேசையில் அவள் தினமும் கழுத்துக்கு வைக்கிற கிராஸ் பட்டி வெட்டுகிறாள். துணியில் சாய்வாகப் பட்டி பட்டியாகப் போகும். எந்தப் பட்டிக்கும் இரண்டு தடவை கத்தரி வைப்பதில்லை. ஒரு பட்டி முடிகிற வெட்டுத்தான் அடுத்த பட்டி தொடங்குகிற வெட்டு.

அவள் துண்டை மாமாவின் முன்னால் நீட்டினாள்.

"இது கழிவு இல்ல மாமா. முதல் நுனி இதுதான். அவர் போன தடவை வெட்டினப்பவே அடுத்த தாளுக்கும் ஒரு பக்கம் வெட்டி வச்சிட்டாரு. இன்னொரு பக்கம் மட்டும் வெட்டினா போதும்." பிறகு மெதுவாக, "ஒரே வெட்டு" என்றாள்.

மாமா அளவுகோலைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"மணியாவுது பாப்பா. அக்கா காத்துக்கிட்டிருக்கும்."

"அன்னைக்கு நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"நகரு. வெட்டணும்."

"நான் வெட்டுறேன்."

முக்கோணத் துண்டைப் பின்பக்கம் மேலிருக்கும்படி வைத்து, அதன் ஓரத்தைப் பிடித்து ஒரு நுனியை வெட்டினாள். அதே சாய்வில், அதே திசையில், மறுநுனி. மாமா சுற்றினார். உருளையின் ஓரத்தில் தாள் ஒரு நூல்கூட விலகாமல் உட்கார்ந்தது. கிளிப் மூன்றாவது தடவைதான் விழுந்தது.

"பாருய்யா" என்றார் முதலாளி மாமாவிடம். அவருக்குக் குஷி வந்துவிட்டது. "அந்த ஆள் இருந்தா இந்நேரம் கண்ணை மூடிக்கிட்டு மாட்டிட்டு, நம்மளையும் நாலு திட்டுத் திட்டியிருப்பான். என்னமா விடுவான்யா. உன்கிட்டகூட நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன். பாவம், அவனும் சேர்ந்து சிரிச்சான்."

மாமா பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

உருளை சுழன்றது. பட்டறையின் தகரக் கூரை முழுக்க அந்த இரைச்சல் நிறைந்தது. மூடிப் பலகையை மாமா ஒரு பக்கம் தள்ள, மகள் மறுபக்கம் நின்று வாங்கினாள். தாள் கிழியவில்லை. பலகையின் முதல் சாண் வெளியே வந்தது, வழவழவென்று, சூடாக.

அப்போது மாமாவின் உதடுகள் அசைந்தன. பலகையைப் பார்த்துத்தான் பேசினார். ஒரு வாக்கியம் இருக்கும், இல்லை, இரண்டு. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி காதில் கை வைத்து, "என்னது?" என்று கத்தினார். மாமா ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். சட்டைப் பைக்குள் அவர் கை போயிற்று. முகத்தில் ஏதோ இறக்கி வைத்த ஆசுவாசம். சொல்லியாகிவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்.

மகள் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

பலகை பாதியில் நின்றது. உருளை நிற்க அவசரப்படவில்லை. அது ஓய்ந்து, கூரை ஓய்ந்து, கடைசியில் தூசி பலகையின் மேல் இறங்குவதுகூடக் கேட்கும் போலிருந்தது.

"இப்ப சொல்லுங்க மாமா."

மாமா முதலாளியைப் பார்த்தார். பாலிஷ்காரரைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"நடந்துச்சு" என்றார். "ஆனா முப்பது இல்ல. பன்னண்டு. நான்தான் எண்ணி அடுக்கினேன்."