இலையின் அடிப்பக்கம்

கனகவல்லி தெருவில் நடந்து போனால் ஓரத்துச் செடிகள் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டும். ராஜகீழ்ப்பாக்கத்தில் இது நான்கு வருடமாக நடக்கிறது. குப்பைமேனி, துத்தி, மூக்கிரட்டை, சாக்கடை ஓரத்துப் பார்த்தீனியம்கூடக் காட்டும். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவள் கடக்கும்வரை அப்படியே நிற்கும், கடந்ததும் பழையபடி திரும்பிக்கொள்ளும். முதல் வாரம் நாங்கள் எல்லோரும் பால்கனியில் வந்து நின்று பார்த்தோம். இரண்டாவது வாரம் தண்ணீர் லாரி வரவில்லை, அதற்குப் பிறகு யாருக்கும் நேரமில்லை. நலச்சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் மட்டும், தன் வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகள் விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டுவதாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவைத்தார். எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பு ஓர் ஆடி மாதத்தில், அவள் கணவன் ஜெயவேலுவின் கண் மஞ்சளாயிற்று. போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், நாற்பத்தொன்பது வயது, அதுவரை படுத்ததில்லை. மஞ்சள்காமாலைக்கு எங்கள் தெருவில் எல்லோருமே டாக்டர்கள். உப்பை நிறுத்து என்றோம், ஊசி போட்டால் உள்ளே இறங்கிவிடும் என்றோம், வாட்ஸ்அப்பில் கீழாநெல்லிப் படம் அனுப்பினோம். ஒரே படத்தைக் குறைந்தது ஆறு பேர் அனுப்பியிருப்போம். அது மேலிருந்து எடுத்த படம். அந்தச் செடிக்கு அடையாளமே இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் கடுகளவு காய்கள்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கனகவல்லி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை முடிந்து அந்தி இருட்டில் வருவாள். பக்கத்துக் காலி மனையில் குனிந்து, போன் வெளிச்சத்தில் படத்தோடு ஒத்துப்பார்த்து, ஒரு கைப்பிடி கிள்ளிவந்து அரைத்து மோரில் கலக்குவாள்.

"இன்னாடி இது, மோட்டார் ஆயில் மாதிரி கீது" என்பான் ஜெயவேலு.

"கம்முனு குடிய்யா. காலைல கண்ணு வெள்ளையாயிடும்."

ஒன்பது நாள் கொடுத்தாள். பத்தாம் நாள் அவளையே யார் என்று கேட்டான். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி. பதினோராம் நாள் வேனில் வீட்டுக்கு வந்தான். படம் அனுப்பிய ஆறு பேரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். நல்ல மாலைதான். பிணத்தை எடுக்கும் நேரத்தில், அவன் தம்பி தனவேலு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அத்தனை பேர் நடுவில் அவளிடம் கேட்டான்: "அது இன்னா தழைன்னாவது தெரியுமா அண்ணி உனக்கு?" அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது நாளில் ஒரு நாள்கூட அவள் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. சரி, போய்ப் பார்க்கலாம் என்றால், காரியம் முடிந்த வாரமே ஜேசிபி வந்து மனையைச் சுரண்டிவிட்டுப் போயிற்று. அடுத்த ஆடிக்குள் அங்கே மூன்று மாடிக் குடியிருப்பு எழுந்தது, கீழே கார் நிறுத்துமிடம்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு கூட்டம் செடி பார்த்தபடி நடக்கும். நடத்துகிறவள் சுப்ரஜா, சாஃப்ட்வேர் கம்பெனிக்காரி, முப்பது வயதுகூட இல்லை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு செடியைப் பார்த்ததும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திருப்பிப் பார்த்து, கசக்கி மோந்து, ஆளுக்கொரு பேனாவால் உள்ளங்கையில் பெயரை எழுதி மூடிக்கொள்ள வேண்டும், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அத்தனை கையிலும் ஒரே பெயர் இருந்தால்தான் அந்தச் செடிக்கு அது பெயர். ஒரு கை மாறினாலும் பெயரில்லாமல் விட்டுவிட்டு நடப்பார்கள். ஜெயவேலு செத்த அதே வருடம் மார்கழியில் கனகவல்லி போய்ச் சேர்ந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு செடி தெரிஞ்சா போதும்மா."

"அக்கா, ஒரு செடி தெரியணும்னா, அது மாதிரியே இருக்கிற நூறு செடி தெரியணும்."

நூறையும் கற்றுக்கொண்டாள். மூன்றாவது ஞாயிறு அவள் கரையேறியபோது அம்மான் பச்சரிசி முதலில் திரும்பியது, பிறகு தும்பை, பிறகு கரை முழுக்க. சுப்ரஜா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, இனிமே யாரும் குனிய வேண்டாம்" என்றாள். முதுகுவலிக்காரர்கள் இரண்டு பேர் அந்த வாரமே புதிதாகச் சேர்ந்தார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மட்டும் அவளால் போக முடியாமல் போயிற்று. "யக்கா, தள்ளி நில்லு. கீரையெல்லாம் வாடின மாதிரி கீது, பேஜாரா பூடுது" என்று கீரைக்காரி விரட்டினாள். அவள் நிற்கும் இடமெல்லாம் செடிகள் சாட்சி சொல்ல வந்தன. சம்பவ இடத்தில் இருந்தவை மட்டும் கான்கிரீட்டுக்கு அடியில் கிடந்தன. எத்தனை ஆயிரம் இலையின் அடிப்பக்கம் பார்த்தும் தனவேலுவின் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. அவனும் அவள் வாசற்படியை மிதிக்கவில்லை.

போன ஐப்பசி மழையில் அந்தக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மூன்றாவது தூணருகே டைல்ஸ் வெடித்து, ஒன்பது செடிகள் மேலே வந்தன. முதல் மாடி கேஷவ் காரை எடுக்க முடியவில்லை என்று சத்தம் போட்டதால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவை புதிதாக முளைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் நுனி கிள்ளப்பட்டிருந்தது, கிள்ளிய இடத்தில் ஈரம் காயவில்லை. கனகவல்லி தன் கட்டைவிரல் நகத்தை ஒரு தண்டில் வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. உடனே சுப்ரஜாவுக்குப் போன் செய்தாள். தனவேலுவுக்கும் யாரோ சொல்லி, வண்டியை ரோட்டில் போட்டுவிட்டு வந்து நின்றான்.

ஏரிக்கரைக் கூட்டத்தில் பதினாறு பேர் வந்து குனிந்து பார்த்தார்கள், மோந்தார்கள், எழுதினார்கள், மூடினார்கள். பதினேழாவதாகக் கனகவல்லியும் எழுதி மூடினாள். சுப்ரஜா "ம்" என்றதும் எல்லாக் கையும் திறந்தன. பதினேழிலும் கீழாநெல்லி.

"அப்போ சரியான தழைதானா?" என்றான் தனவேலு.

"சரியான செடிதான் அண்ணா" என்றாள் சுப்ரஜா.

தப்பான செடி என்ற பதிலுக்குக் கனகவல்லி நான்கு வருடமாகத் தயாராகியிருந்தாள், அதற்கு எப்படி அழுவது என்பதுகூட அவளுக்குத் தெரியும். செடி சரி என்றால் மிச்சம் இருப்பவை ஒன்பது நாட்கள் மட்டும்தான். அதற்கு அவளிடம் அழுகை இல்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். தனவேலுவும் ஈரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நானுந்தான் அண்ணி, வண்டிய வெச்சிகினு வூட்டாண்டயே இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு போலாம்னு ஒரு நாளும் சொல்லலியே."

"வுடு" என்றாள் கனகவல்லி. "நீ இன்னா பண்ணுவ."

கேஷவுக்கு வேறு இடத்தில் கார் நிறுத்த அனுமதி கிடைத்தது. செடிகளைச் சுற்றிச் செங்கல் வைத்தார்கள்.

தை மாதம் இரண்டாம் மாடி ரோஹிணி அந்தச் செங்கலுக்குள் கையை விட்டுக் கிள்ளிக்கொண்டிருந்தபோது கனகவல்லி பார்த்தாள். ரோஹிணியின் கணவன் நிகிலுக்கு இரண்டு நாளாகக் கண் மஞ்சள். "அக்கா, பதினேழு பேர் பார்த்துச் சரின்னு சொன்ன செடியாச்சே, தைரியமா கொடுக்கலாம்ல? எவ்வளவு அரைக்கணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். கனகவல்லி அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு தனவேலுவைக் கூப்பிட்டாள்.

ஷேர் ஆட்டோ கைகாட்டிய யாருக்கும் நிற்கவில்லை. தனவேலுவின் தொழிலில் அது முதல் தடவை. குரோம்பேட்டை வரை ரோட்டோரம் முழுக்கச் செடிகள் இலையைத் திருப்பிக் காட்டின. கனகவல்லி ஒன்றையும் பார்க்கவில்லை, நிகிலின் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்து, இளம் டாக்டர் ஒருவர் படித்துப் பார்த்தார். நிகிலின் அம்மா என்று நினைத்து அவளிடம்தான் சொன்னார்: "நல்லவேளைம்மா, சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றாள் கனகவல்லி.

வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக இன்னொரு முறை சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நாயுருவிச் செடிகள் இலையைத் திருப்பிக்கொண்டு நின்றன. கொசு வருகிறது என்று நர்ஸ் போய் ஜன்னலைச் சாத்தினார்.