நூற்று அறுபது சாக்ஸ்

என் மகளுக்குக் காதில் கோளாறு இல்லை. அடுத்த அறையில் நான் ஒளித்து வைத்துத் தின்னும் பிஸ்கட்டின் உறை பிரிகிற சத்தம்கூடக் கேட்கும். ஆனால் பல சத்தம் சேர்ந்து வந்தால் பேச்சை மட்டும் பிரித்தெடுக்க முடியாமல் திணறுவாள். பரிசோதித்த டாக்டரம்மா சொல்லும்வரை "கவனமே இல்லை" என்று நானும்தான் அவளைக் கரித்துக் கொட்டினேன். நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

வகுப்பில் சிமெண்ட் தரை, நாற்பது நாற்காலி. எவன் நெளிந்தாலும் கிறீச். புரியாததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து அவளைச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. தேறாவிட்டால் ஒரு வகுப்பு கீழே. அங்கேதான் அவள் தம்பி இருக்கிறான். "அக்கா என் பக்கத்துலதான்" என்று அந்தப் பொடியன் இடமே பிடித்துவிட்டான். அவள் அழுது தீர்த்தாள்.

நான் தையற்காரி. அழுகைக்கு எனக்குத் தெரிந்த மருந்து கத்திரிக்கோல்தான். வகுப்பு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு நாற்காலிக் கால்களுக்கு அளவெடுத்தேன். பழைய கம்பளியில் எலாஸ்டிக் வைத்து நூற்று அறுபது சாக்ஸ்!

"யாருக்குக்கா இத்தனை?" என்று கடைக்கு வந்தவள் கேட்டாள்.

"நாப்பது பிள்ளைங்க. ஒவ்வொண்ணுக்கும் நாலு கால்."

அவள் அதற்குப் பிறகு என்னிடம் ரவிக்கை கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை மாட்டினோம். வகுப்பு கப்சிப். டீச்சர் சொன்னதையெல்லாம் என் மகள் செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஜன்னலோரம் நின்றேன். தலைமையாசிரியை வந்தார். டீச்சரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிறீச்!

நின்றுகொண்டே பாடம் நடத்துகிற டீச்சருக்கு நாற்காலி இருப்பதையே மறந்து தொலைத்திருக்கிறேன்.

"தாளை ரெண்டா மடிங்க" என்றார் டீச்சர். மடித்தாள். "இடது பக்கம்..." கிறீச். தலைமையாசிரியை அசைந்துகொண்டே இருந்தார். என் மகள் தலையாட்டப் போனாள். ஆட்டவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினாள், சாக்ஸையும் உருவினாள். பக்கத்துச் சிறுமியின் காலைக் காட்டி, "உன்னுதையும் குடுடி" என்றாள்.

நாலு சாக்ஸோடு நேராகத் தலைமையாசிரியை முன் போய் நின்றாள். "மேடம், கொஞ்சம் எந்திரிங்க."

அவர் எழுந்தேவிட்டார்! நாலு காலுக்கும் மாட்டிவிட்டு இடத்துக்குத் திரும்பினாள்.

"டீச்சர், இடது பக்கம் என்னன்னு கேக்கல. மறுபடி சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து அவள் வாயால் "மறுபடி சொல்லுங்க" என்று நான் கேட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

டீச்சர் மறுபடி சொன்னார். அவள் ஒன்றுவிடாமல் செய்து முடித்தாள். வெளியே வந்த தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பிக்குப் பக்கத்துல வேற யாரையாவது உக்கார வைக்கிறேன். நீங்க டேப்பை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாங்கம்மா. அங்க ஆறு நாற்காலி கத்திக்கிட்டு இருக்கு."